முந்திரி எண்ணெய் பூசிய முன்கைப் பட்டைகள்

ஷாஜகான் கடலூர் முதுநகரில் கட்டிய புது வீட்டில் குடிபுகுந்த அன்று அஞ்சலை அக்கா வந்திருந்தார், நான் வந்திருந்தேன், ஆரோக்கியம் வரவில்லை. ஷாஜகானைச் சேர்த்தால், ஒரு காலத்தில் ஒரே தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்த நான்கு பேரில் மூன்று பேர் இருந்தோம். ஆரோக்கியத்தை நேரில் பார்த்துப் பத்திரிகை வைத்திருக்கிறான் ஷாஜகான். "வர்றேன்னு தலையாட்டுனான் மச்சான். அப்பவே தெரிஞ்சிடுச்சி வரமாட்டான்னு" என்றான், பிரியாணித் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே.

சாப்பாடு முடிந்ததும் வீட்டைச் சுற்றிக் காட்டினான். வளைகுடாவில் பல வருடம் வெந்து கட்டிய வீடு. படிக்குக் கிரானைட், அடுப்படிக்கு வெள்ளை டைல்ஸ். பின்பக்கம் வண்டி நிறுத்துவதற்குச் சவுக்குக் கம்பு நட்டு ஒரு ஷெட். அந்தப் பக்கம் திரும்பியதும் மூன்று பேரும் நின்றுவிட்டோம். கரையான் ஏறாமலிருக்கக் கம்புகளுக்கு முந்திரி எண்ணெய் அடித்திருந்தார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்த பிறகு, மிஞ்சுகிற ஓட்டை ஆட்டி எடுக்கிற கறுப்பு எண்ணெய் அது. எங்கள் மாவட்டத்தில் மரச்சாமான் என்று ஒன்று இருந்தால் அதைத் தடவாமல் விடமாட்டார்கள். கருகியதும் காரமுமாக ஒரு நெடி. மூக்கில் ஏறினால் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"நான் இல்லாதப்ப ஆசாரி அடிச்சிட்டாரு. இருந்திருந்தா உட்டிருப்பேனா" என்றான் ஷாஜகான்.

அஞ்சலை அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கெடக்கு உடு. மரத்துக்குத்தான அடிச்சாரு" என்றார்.

அந்த நெடிக்கு மூன்று பேரும் ஏன் நின்றோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சுனாமிக்கு அடுத்த வருடம் கடலூரில் பயிற்சி எடுக்காத ஆள் கிடையாது. மெழுகுவத்தி செய்ய ஒரு பயிற்சி, சோப்பு செய்ய ஒரு பயிற்சி, துணிப் பொம்மைக்கு ஒன்று, காளானுக்கு ஒன்று. அதுவரை கடலைத் தவிர எதையும் நம்பாத ஜனங்கள் ஆளுக்கு நான்கு சான்றிதழ் வைத்திருந்தார்கள். நான் புவனகிரிக்குப் பக்கத்தில் ஒரு சேரியிலிருந்து வந்தவன். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி. எங்கள் வம்சத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது என்பதால் வீட்டில் அந்தக் கைக்கு ஒரு மரியாதை உண்டு. கிணற்றில் தண்ணீர் இழுக்கக்கூட விடமாட்டார்கள். சிதம்பரத்தில் வரலாறு படித்துவிட்டுச் சும்மா இருந்த நேரத்தில், நிவாரண வேலை செய்துகொண்டிருந்த ஓர் அமைப்பு என்னை மொழிபெயர்ப்பாளன் என்று சேர்த்துக்கொண்டது. என் இங்கிலீஷ் பரீட்சை இங்கிலீஷ். விடுமுறை விண்ணப்பம் பிரமாதமாக எழுதுவேன். பேச வேண்டியிருந்தால் வேர்த்துவிடும்.

அங்கேதான் ஹெல்கா வந்தார். உயரமான, வெயிலில் செக்கச் செவேலென்று ஆகிவிட்ட வெளிநாட்டு அம்மா. அவருடைய ஊரில் ஒவ்வொரு கோடையிலும் ஜனங்கள் எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முந்தைய உடுப்பைப் போட்டுக்கொண்டு வயல்வெளியில் கூடாரம் அடித்து ஒரு வாரம் தங்குவார்களாம். வாள், வில், குதிரை, விறகடுப்பு எல்லாம் உண்டாம். அந்த வேஷத்துக்கு வேண்டிய இடுப்புவார், சுருக்குப்பை, குத்துவாள் உறை, வில் விடுகிறவர்கள் முன்கையில் கட்டும் பட்டை, இவற்றையெல்லாம் அந்தக் காலத்து முறைப்படி கையாலேயே செய்து அனுப்பினால் நல்ல கிராக்கி என்றார். நான் மொழிபெயர்த்தேன். தாழங்குடாப் பக்கத்திலிருந்து வந்து தற்காலிகக் குடியிருப்பில் கிடந்த அஞ்சலை அக்கா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாங்க போக்கிடம் இல்லாம டெண்டுல கெடக்குறோம். அவுங்க காசு குடுத்துக் கெடக்குறாங்களா? நல்லா கேளு தம்பி, நீ தப்பா சொல்றியா?"

நான் சரியாகத்தான் சொல்லியிருந்தேன். அவருக்கு என் மொழிபெயர்ப்பின்மேல் நம்பிக்கை விழ ரொம்ப நாளாயிற்று. 'கிட்னி பௌச்' என்று ஒரு பை உண்டு, சிறுநீரக வடிவத்தில் இடுப்பில் தொங்கும். "கிட்னிய கழட்டி வெளியில மாட்டிக்கிட்டா திரிவாங்க?" என்று கேட்டார். கொட்டகையில் கடைசிவரை அதற்குக் கிட்னி என்றே பெயர் நிலைத்தது. "நாலு கிட்னி முடிஞ்சிது, ரெண்டு கிட்னிக்கு வாய் தைக்கணும்" என்று பேசிக்கொண்டிருப்போம். வெளியாள் கேட்டால் போலீசைக் கூப்பிட்டிருப்பான்.

நிலப்பிரபுத்துவம் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நான் எழுதிய பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். அந்தப் பிரபுவின் அரைக்கச்சைக்கு நானே ஓட்டை போடுவேன் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. என் வேலை அதுதான். ஹெல்காவின் காகித அச்சைத் தோல்மேல் வைத்துக் கோடு போடுவது, அளவு சொல்வது, ஓட்டைக்குப் புள்ளி குத்துவது. வலை பின்னிப் பழகிய அஞ்சலை அக்கா நூலுக்குத் தேன்மெழுகு தேய்ப்பார், சுருக்குக் கயிறு முறுக்குவார். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற குடும்பத்தில் பிறந்த ஷாஜகான் பழைய பித்தளைக் குண்டான்களை வெட்டி அராவிக் கொக்கியும் வளையமும் செய்வான். தைப்பது ஆரோக்கியம்.

அவன் தைக்க வந்தவனே இல்லை. ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஹெல்காவின் தோல் கட்டுகளை இறக்கிவைக்க வந்து, வேடிக்கை பார்க்க நின்றவன். உனக்குத் தோல் வேலை தெரியுமா என்று கேட்டதற்குத் தெரியாது என்று தலையசைத்தான். ஒரு நாள் மேசையிலிருந்து வார் ஒன்று சரிந்து விழுந்தபோது குனிந்து பிடிக்காமல், கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே லாகவமாகக் கவ்வினான். அஞ்சலை அக்கா பார்த்தார், நான் பார்த்தேன். அவன் சட்டென்று வாரைக் கீழே விட்டுவிட்டான். கடலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் கறுப்புக் குடையை விரித்துவைத்துச் செருப்புத் தைக்கிற பெரியவரின் மகன் என்பது பிறகு தெரிந்தது. தான் அந்தக் குடைக்கடியில் உட்காரக் கூடாது என்பதற்காகவே ஆட்டோ கற்றுக்கொண்டவன்.

இரண்டு ஊசி, ஒரே நூல். ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஓர் ஊசி, அந்தப் பக்கமிருந்து ஓர் ஊசி. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது விடாது. மெஷின் தையல் இருக்கவே கூடாது என்பது ஹெல்காவின் சட்டம். ஆரோக்கியம் ஒப்புக்கொண்டான், ஆனால் அவனும் ஒரு சட்டம் போட்டான். "மச்சான், அந்த அம்மாகிட்ட சொல்லிடு. இடுப்புக்கு மேல எது வேணா கேக்கட்டும். கீழ எதுவும் செய்யமாட்டேன்." ஹெல்கா அந்தக் காலத்துக் காலணி ஒன்றின் படத்தைக் காட்டி, இதற்குத்தான் விலை அதிகம் என்றார். அவன் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை. ஏன் என்று அவர் கேட்டார். எனக்கு அதற்கு இங்கிலீஷ் தெரியவில்லை. "நோ மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

நல்ல சிரிப்புக்காரன். மண்ணில் புதைத்துவைத்தது போன்ற பழமை நிறம் வேண்டும் என்பார் ஹெல்கா. புளித்த கஞ்சியில் துருப்பிடித்த ஆணிகளை ஊறப்போட்டுத் தோலில் தடவினால் கறுத்துவிடும். அதைத் தடவிக்கொண்டே ஆரோக்கியம் சொல்வான்: "எங்கப்பன் பழச புதுசாக்குனாரு, ரெண்டு ரூபா மூணு ரூபாதான் குடுத்தானுவோ. நான் புதுச பழசாக்குறேன், இதுக்குத்தான் காசு ஜாஸ்தி." மஞ்சக்குப்பத்தில் டீக்கடைக்குப் போனால் என்னைப் பையில் கைவிட விடமாட்டான். "காசெடுத்த, செருப்பாலயே அடிப்பேன் மச்சான்" என்பான். படித்தவன் காசு கொடுத்தால் டீ கசக்குமாம்.

அமைப்பின் திட்டக்காலம் முடிந்து எல்லோரும் மூட்டை கட்டினார்கள். பயிற்சி எடுத்தவர்கள் சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழைய வேலைக்குப் போனார்கள். நாங்கள் மட்டும் போகவில்லை. ஹெல்கா ஊருக்குத் திரும்பியபிறகும் சின்னச் சின்னதாகக் கேட்டு எழுதுவார், நாங்கள் அனுப்புவோம். கொட்டகையை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். போர்டு மாட்ட வேண்டும் என்று ஆரோக்கியம் நின்றான். "தோல்னு வரக்கூடாது, லெதர்னும் வரக்கூடாது" என்றான். கடைசியில் 'மீடிவல் காஸ்ட்யூம் அக்சஸரீஸ்' என்று தமிழில் எழுதி மாட்டினோம். முதல் வாரமே ஒருவர் வண்டியை நிறுத்தி, "அக்சஸரீஸ்னு போட்டுருக்கே, சைடு மிரர் இருக்கா?" என்றார். ஷாஜகான் பித்தளை வளையம் ஒன்றை எடுத்து நீட்டி, "கண்ணாடி நீங்க போட்டுக்குங்க மாமா" என்றான்.

போர்டு மாட்டியதற்குக் காரணம் ஸ்டெல்லா. சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரோக்கியம் சிதம்பரத்துக்கு வருவான். நான் அங்கே ஓர் அறையில் தங்கியிருந்தேன். தெற்கு வீதி பிரவுசிங் சென்டரில் ஹெல்காவின் மெயிலைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு சாக்கு. அது முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பேக்கரியில் ஸ்டெல்லாவைப் பார்க்க வேண்டும். போவதற்குமுன் என் அறையில் எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டு கையையும் விரல் விரலாகத் தேய்ப்பான். தோல் வாடை போக வேண்டும். பிறகு முகர்ந்து பார்க்கச் சொல்லி என் மூக்கில் கொண்டுவந்து வைப்பான். "ஊறுகா வாடதான்டா வருது" என்பேன். அவன் செய்கிற வேலை அவளுக்குத் தெரியாமல் இல்லை. "ஒண்ணு கொண்டாந்து காட்டேன், என்னதான் செய்யறீங்கன்னு பாக்குறேன்" என்று எத்தனையோ தடவை கேட்டாள். "பெரிய ஆர்டர் ஒண்ணு போவட்டும், அப்புறம் காட்றேன்" என்பான் அவன்.

ஸ்டெல்லாவின் அப்பா அரசாங்க டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இவன் சாதிதான், இவன் சபைதான். அதனாலேயே யோசித்தார். பெண் கேட்கப் போனபோது எனக்கும் ஒரு நாற்காலி போட்டு, மரியாதையாகக் காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"எங்கப்பாரும் இதே வேலதான் தம்பி. இதே ஊர்ல கீழ வீதியில ஒக்காந்து தச்சாரு. நான் ஸ்டியரிங்க புடிச்சி வெளிய வந்தேன். எம்பொண்ணு படிச்சி வெள்ளச் சட்ட போட்டுருக்கா. மறுபடி தோலுக்கா அனுப்பறது?"

"இது வேற மாமா, இது கம்பெனி" என்றான் ஆரோக்கியம்.

"அலை அடிச்ச ஊருன்னு எரக்கப்பட்டு ஒரு ஆர்டர் குடுப்பான். அது தர்மம். சாமான் நல்லாருக்குன்னு மறுவாட்டி குடுத்தான்னா அதான் வியாபாரம். பெருசா ஒண்ணு போவட்டும், மறுவாட்டி கேட்டு எழுதட்டும். அன்னிக்கி வா, நானே தேதி குறிக்கிறேன்."

அடுத்த மாதமே அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. ஹெல்காவின் கூட்டத்தார் எல்லோருமாகச் சேர்ந்து கேட்டிருந்தார்கள். இடுப்புவாரும் கிட்னியும் கொஞ்சம். பெரும்பகுதி முன்கைப் பட்டைகள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோலைச் சுற்றிக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவது. சட்டைக் கையை மடித்துவிட்டு வெறும் கையிலேயே கட்டிக்கொள்வார்கள். ராணிப்பேட்டைப் பக்கமிருந்து ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வாங்கினோம். அதற்கு முன்பணம் கட்ட ஆரோக்கியம் ஆட்டோவை விற்றான். எங்களிடம் சொல்லிவிட்டு விற்கவில்லை, விற்றுவிட்டுச் சொன்னான்.

அந்த வருடம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடிந்தும் விடவில்லை. கடலூர் மழையைப் பற்றிக் கடலூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. கெடிலம் ஆறு ரோட்டுக்கு வந்துவிட்டது. கொட்டகைக்குள் தைத்து அடுக்கிய பட்டைகளின்மேல் ஒரு நாள் காலையில் பார்த்தால் வெள்ளையாகப் பூஞ்சை. துணியால் துடைத்தோம். மறுநாள் மறுபடி பூத்திருந்தது. கப்பலில் வாரக்கணக்கில் பெட்டிக்குள் கிடக்கப் போகிற சரக்கு. போய்ச் சேரும்போது பட்டை இருக்குமா, காளான் இருக்குமா என்று கவலையாகிவிட்டது. காளான் பயிற்சிக்காவது போயிருக்கலாம் என்றான் ஷாஜகான்.

"எங்க வூட்டு மரத்துக்கு முந்திரி எண்ணெதான் அடிப்போம்" என்றார் அஞ்சலை அக்கா. அவர் புருஷன் கடலுக்குப் போன படகைச் சொன்னார். "வருசக்கணக்கா உப்புத் தண்ணியில கெடக்கும். பூச்சி வராது, பூஞ்சாளம் வராது."

பச்சையாக மேலே பட்டால் கொப்புளமாகப் பொத்துவிடும் என்று எங்களுக்குத் தெரியாதா? கடலூர் மாவட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் காய்ந்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்பதும் தெரியும். அந்தப் படகின்மேல்தானே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். காய்ச்சிய எண்ணெயை வாங்கிவந்து, மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, கரி அடுப்பு மூட்டி, மழைக்கு நடுவே சூட்டிலேயே உலர்த்தினோம். நிறம் என்னமாய் வந்தது தெரியுமா. புதைத்து எடுத்த நிறம். ஹெல்கா இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்த நிறம். ஆரோக்கியம் ஒரு பட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருந்தாலும் சோதிக்காமல் அனுப்பவில்லை. அதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். நான்கு பேரும் ஆளுக்கொரு பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திரிந்தோம். அஞ்சலை அக்கா அதோடு மீன் விற்கப் போனார். "என்னா அஞ்சல, கையி ஒடஞ்சிபோச்சா, இல்ல போலீசுல சேந்துட்டியா?" என்று மார்க்கெட்டே கேட்டிருக்கிறது. நான் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊருக்குப் போய்வந்தேன். ஆரோக்கியம் அதைக் கட்டியபடியே மற்றதைத் தைத்தான். பொழுது சாயக் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தோம். ஒரு சிவப்பு இல்லை, ஓர் அரிப்பு இல்லை. "கையி முன்னவிட பளபளன்னு இருக்கு" என்றான் ஷாஜகான்.

சரக்கு போயிற்று. போய்ச் சேர்ந்ததாகவும், ரொம்ப அழகாக இருப்பதாகவும் ஹெல்கா எழுதினார். அந்த மெயிலைத் தாளில் எடுத்து ஸ்டெல்லாவின் அப்பாவிடம் காட்டினோம். "கேட்டு எழுதட்டும்" என்றார், சிரித்தபடி. கல்யாணத்துக்கு எந்த மண்டபம் என்று நாங்கள் பேச ஆரம்பித்துவிட்டோம்.

அங்கே கோடை வந்தது. கூடாரம் அடித்தார்கள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தெற்கு வீதி பிரவுசிங் சென்டரில் மெயிலைத் திறந்தேன். ஆரோக்கியம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான். படங்கள் இருந்தன. அப்போதெல்லாம் படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் நீல வானம் வந்தது. கூடாரத்தின் உச்சி வந்தது. பச்சைப் புல் வந்தது. பிறகு ஒரு வெள்ளைக் கை வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்புளம். அடுத்த படத்தில் வேறொரு கை. அதற்கடுத்து ஒரு பையனுடைய கை.

ஹெல்கா திட்டவில்லை. எதைப் பூசினீர்கள், வைத்தியர் கேட்கிறார் என்று மட்டும் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் திரும்ப வாங்கி எரித்துவிட்டதாகவும், இனிமேல் தன்னால் யாரிடமும் எங்களுக்காகப் பேச முடியாது என்றும் கடைசியில் இருந்தது. நான் மொழிபெயர்க்கவில்லை. ஆரோக்கியம் கேட்கவும் இல்லை. குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தான். ஒரு கையில் பட்டையின் ஓரம் அழுந்திய இடத்தில், வரிசையாகத் தையலின் தடம் பதிந்து வீங்கியிருந்தது.

"தையலப் பாரு மச்சான். ஒரே அளவா வுழுந்துருக்கு" என்றான்.

அன்றும் பேக்கரிக்குப் போனோம். போகாமலிருந்திருக்கலாம். படத்தை அச்செடுத்து மடித்து என் பையில் வைத்திருந்தேன். ஸ்டெல்லா எங்கள் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பிரித்த உடனே சொன்னாள்: "இது முந்திரி எண்ணெ."

படத்தை மேசையில் விரித்து விரலால் அந்தக் கொப்புளங்களைத் தொட்டுக் காட்டினாள்.

"சீசன்ல எங்க வார்டுக்கு இதுதான வருது. எதுல ஊறுனாலும் மேல காஞ்ச மாதிரி இருக்கும், சூட்டுல வேர்வ பட்டா எளகும். கொட்ட ஒடச்சிப் பழகுன கைக்கு ஒண்ணும் தெரியாது. புதுசா வேலைக்கி வர்ற பொண்ணுங்களுக்குத்தான் இப்பிடிப் பொத்துக்கும். யாரு பண்ணது இத?"

ஆரோக்கியத்தின் அம்மா பண்ருட்டி வியாபாரிகளுக்காக வீட்டிலேயே கொட்டை உடைத்தவர். பள்ளிக்கூடத்துக்கு விட்ட நேரம் போக இவனும் உடைத்திருக்கிறான். வீட்டில் தண்ணீர் இழுக்க விடாத என் பேனா பிடித்த கையும், நோட்டுப் புத்தகக் காசுக்காக ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அதைத்தான் செய்தது. ஷாஜகான் வீட்டு உலையில் அந்த ஓடுதான் விறகு. அஞ்சலை அக்கா அந்த எண்ணெயின்மேல் குடித்தனம் நடத்தியவர். சோதித்தோம் என்று சொன்னேன் அல்லவா. எந்தக் கைகளில் சோதித்தோம் என்று அப்போதுதான் புரிந்தது.

ஸ்டெல்லா படத்தை மடித்து என்னிடம் நீட்டினாள். பிறகு, "ஒருவாட்டி கொண்டாந்து காட்டிருந்தா மோந்து பாத்தே சொல்லிருப்பேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆரோக்கியம் டீ கிளாசைப் பிடித்திருந்த கையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான். எலுமிச்சை வாடை எனக்கு வந்தது.

அப்புறம் என்ன, எதுவும் இல்லை. நான் எனக்குத் தெரிந்த எல்லா இங்கிலீஷிலும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டு மெயிலுக்குப் பதில் வந்தது, மூன்றாவதற்கு வரவில்லை. ஸ்டெல்லாவின் அப்பா ரொம்ப நல்லவர். குரலைக்கூட உயர்த்தவில்லை. "மறுவாட்டி வரலியே தம்பி" என்றார், அவ்வளவுதான். ஸ்டெல்லா ஒரு வருடம்போலத் தள்ளிப் பார்த்தாள். பிறகு திருச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஷாஜகானுக்கு அவன் மச்சான் விசா அனுப்பினார். நான் தேர்வெழுதி ஒரு குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தேன். அஞ்சலை அக்காவுக்கு மீன்கூடை இருந்தது. ஆரோக்கியத்திடம் ஆட்டோ இல்லை. அந்த நேரம் பார்த்து அவன் அப்பா படுத்துக்கொண்டார். "ரெண்டு நாளைக்கிதான் மச்சான். எடத்த உட்டா வேற ஆளு வந்து ஒக்காந்துடுவான்" என்று சொல்லிவிட்டுப் போய்க் குடைக்கடியில் உட்கார்ந்தான்.

பிறகு தானே புயல் வந்தது. ஒரே காலையில் கொட்டகையின் தகரம் முழுக்கப் பறந்துவிட்டது. போர்டு எந்த ஊரில் விழுந்ததோ, தேடியும் கிடைக்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் கண்ணுக்கெட்டிய தூரம் வேரோடு படுத்துக் கிடந்தன. பார்த்து அழாதவர்கள் இல்லை. நானும் பஸ் ஜன்னலில் அழுதேன், ஆனால் எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியாது. இப்போது கடலில் எல்லாம் பைபர் படகு, எண்ணெய் அடிக்கிற வேலையே இல்லை. தெற்கு வீதி பிரவுசிங் சென்டர் செல்போன் கடையாகி, அதுவும் போய் இனிப்புக்கடை ஆகியிருக்கிறது. கொட்டகை இருந்த இடத்தில் ஒரு தண்ணீர் கேன் கம்பெனி. கடலூர் பஸ் ஸ்டாண்டு வாசல் மட்டும் இருக்கிறது. என்னைத் தூரத்தில் பார்த்தால் ஆரோக்கியம் குடையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வான். முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். பிறகு நானே அந்த வாசலை விட்டு மற்ற வாசலில் ஏற ஆரம்பித்தேன்.

ஷாஜகான் வீட்டிலிருந்து கிளம்பும்போது, வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் என் இடதுகால் செருப்பின் வாரை யாரோ மிதித்துப் பிய்த்திருந்தார்கள்.

"பஸ் ஸ்டாண்டுக்குத்தான போற, அவன்கிட்ட குடு" என்றார் அஞ்சலை அக்கா. "அப்பிடியாச்சும் ஒரு வார்த்த பேசுங்கடா."

ஷாஜகான் உள்ளே ஓடி ஒரு பிரியாணிப் பொட்டலத்தைக் கட்டி எடுத்துவந்து என் கையில் திணித்தான்.

இந்தத் தடவை குடை சாய்வதற்குள் போய் எதிரில் நின்றுவிட்டேன். தாடியில் பாதி வெள்ளை. பொட்டலத்தை நீட்டி, "ஷாஜகான் குடுத்தான்" என்றேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தான். செருப்பைக் கழற்றினேன். நான் குனிந்து எடுத்துக் கொடுப்பதற்குள் அவனே எடுத்துக்கொண்டான். வாரைக் கால் கட்டைவிரலில் கவ்வினான். பெட்டிக்குள்ளிருந்து இரண்டு ஊசி எடுத்தான். இரண்டு ரப்பர் செருப்புக்காரர்கள் காத்திருந்தார்கள், ஒற்றை ஊசியில் இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்திருக்கலாம். இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று மெழுகு நூலால் கடைசிவரை தைத்தான். ஒரே அளவு.

"அஞ்சலக்கா கேட்டுச்சி ஒன்ன" என்றேன்.

"ம்" என்றான்.

செருப்பைத் துணியால் துடைத்து, முனை என் பக்கம் இருக்கும்படி கீழே வைத்தான். மாட்டிக்கொண்டேன். பின்னால் கண்டக்டர் சிதம்பரம் சிதம்பரம் என்று கூவிக்கொண்டிருந்தான். அந்தப் பழைய டீக்கடைத் திட்டை வாங்கியாவது போகலாம் என்று ஓர் ஆசை. சட்டைப் பையில் கையை விட்டு, "எவ்ளோடா?" என்றேன்.

அடுத்தவருடைய செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி சொன்னான்:

"முப்பது ரூபாங்க."